பதினொன்றில் நிறுத்தவும்

பிப்ரவரி 3

அன்புள்ள சகலைக்கு,

நேற்று நடந்த துறைக் கூட்டத்தில், ஒரு மணி நாற்பது நிமிட விவாதத்துக்குப் பிறகு, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லாமல், மருத்துவர் அறைக் கதவின் பின்னால் இருக்கும் மூன்றாவது ஆணி இனிமேல் குடைகளுக்கு ஒதுக்கப்படும் என்ற தீர்மானம் நிறைவேறியது. நீங்கள் இங்கே இருந்த ஒன்பது வருடமும் உங்கள் வெள்ளை அங்கி தொங்கிய ஆணி அதுதான். துறைத் தலைவர் முன்மொழிந்தார், நான் வழிமொழிந்தேன். மயக்க மருத்துவர் மட்டும், ஈரக் குடை சொட்டினால் கீழே இருக்கும் செருப்புகளின் கதி என்ன என்று கேட்டார். அதை ஆராய ஒரு துணைக்குழு அமைத்திருக்கிறோம். நான் அதன் தலைவன். சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிப்பதுதான் முறை என்பதால் எழுதுகிறேன்.

உங்கள் கட்டுரை வந்த இதழ் நூலகத்துக்கு வந்துவிட்டது. இரண்டு முறை படித்தேன். எலியின் குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் நாளத்தோடு ஓர் ஊசியைச் சேர்த்து வைத்து, இரண்டையும் ஒன்றாக நூலால் கட்டி, ஊசியை மட்டும் உருவிவிட்டால், நாளம் ஊசியின் பருமனுக்குச் சுருங்கி அழுத்தம் ஏறும். இது எல்லாரும் செய்வது. ஊசியின் முனையை மழுக்கி லேசாக வளைத்துக்கொண்டால் நாளம் கிழியாது என்பதை “நாங்கள் கண்டோம்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நாங்கள் யார் என்று யோசித்துப் பார்த்தேன். அந்த ஊசியைத் தேநீர் மேசையில் உட்கார்ந்து உப்புத்தாளில் தேய்த்தது இந்தக் கை. வளைத்ததும் இந்தக் கை. நீங்கள் எதிரில் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்.

கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லும் பகுதியில் நானும் இருக்கிறேன். எலிக்கூண்டு கழுவும் அம்மாவுக்கு அடுத்தபடியாக. அந்த அம்மாவின் மேல் எனக்கு எப்போதும் மரியாதை உண்டு.

நீங்கள் மாறுதலாகிப் போனபோது அழுத்தம் அளக்கும் இயந்திரத்தையும் கையோடு கொண்டுபோய்விட்டதால் எங்களுக்குச் சிரமம் இருக்கும் என்று வருந்த வேண்டாம். இங்கே புதிதாக ஒன்று வாங்கிவிட்டோம். உங்களுடையதைவிடத் திரை பெரியது. எண்கள் பச்சை நிறத்தில் வருகின்றன.

வேறு விசேஷம் இல்லை. நம் இருவருக்கும் பொதுவாக வாய்த்த ஒரே மாமியார் செவ்வாய்க்கிழமை இரண்டாம் முறையாக ரத்த வாந்தி எடுத்தார். எங்கள் வார்டில்தான் இருக்கிறார். நான்கு பாட்டில் ரத்தம் ஏற்றினோம். இப்போது தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்து, அச்சகத்திலிருந்து வந்த மெய்ப்பைத் திருத்திக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் மனைவியின் அக்காள் கணவன்


பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணா,

ஆணி பற்றிய தகவலுக்கு நன்றி. உங்கள் கடிதத்தை உங்கள் கொழுந்தியாளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். ஆணி, குடை, செருப்பு வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பத்திக்கு வந்தபோது நான் நிறுத்தியிருக்க வேண்டும். படிக்கிற வேகத்தில் நிறுத்த முடியவில்லை. உடனே அவள் அக்காவுக்குப் போன் போட்டாள். “அம்மா ரத்த வாந்தி எடுத்து ஆறு நாளாச்சு. எனக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா உனக்கு?” என்று கேட்டாள். “அவர் விவரமா லெட்டர் போட்டுட்டேன்னாரே” என்றாராம் அக்கா. ஆமாம், விவரமாகத்தான் போட்டிருந்தீர்கள்.

ஒன்பது வருடமாக என்னை நீ என்று கூப்பிட்டவர் கடிதம் முழுக்க நீங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். காயம் ஆழமானது என்று தெரிகிறது. நன்றிப் பகுதியைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அந்த அம்மா நான்கு வருடம் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் இருநூற்று நாற்பது கூண்டு கழுவினார். நீங்கள் ஓர் ஊசியை வளைத்தீர்கள். நான் நியாயமாகத்தான் நடந்துகொண்டேன் என்று நினைக்கிறேன்.

என் கட்டுரையைப் பார்த்து உங்களுக்கு வயிறு எரிகிறது என்று எழுதினால் மறுப்பீர்கள். ஆகவே என் வயிற்றெரிச்சலை முதலில் எழுதிவிடுகிறேன். அத்தை வீட்டு முன்னறையில் நீங்கள் ஆபரேஷன் உடையில் கைகட்டி நிற்கும் படம் மாட்டியிருக்கிறது. கண்ணாடி போட்டு, சட்டம் அடித்து. நான் ஓர் எலியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படத்தைக் கொடுத்தேன். “ரொம்ப நல்லா இருக்கு மாப்பிள்ளை, பத்திரமா வெச்சுக்கிறேன்” என்றார். அப்படியே வைத்திருக்கிறார். ஏழு வருடமாக அதை யாரும் பார்த்ததில்லை. உங்களால் குணமானவர்கள் தெருவில் பார்த்தால் கும்பிடுகிறார்கள். என் எலிகளுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

இனி எழுதப்போவதை மட்டும் கோபமில்லாமல் படியுங்கள். நீங்கள் இந்நேரம் கத்தியைத் தீட்ட ஆரம்பித்திருப்பீர்கள். உங்கள் வழக்கப்படி கல்லீரலைச் சுற்றி அகலமாக ஒரு மாற்றுப் பாதையைப் போட்டுவிடாதீர்கள். ரத்தம் மொத்தமும் அந்த வழியே போனால் வாந்தி நிற்கும், மூளை மங்கும். என்னிடம் அகலப் பாதை போட்ட எலிகள் தண்ணீர்க் குழாய் எந்த மூலையில் இருக்கிறது என்பதை ஒரே வாரத்தில் மறந்துவிட்டன. குறுகலான பாதை போட்டவை மறக்கவில்லை. எவ்வளவு குறுகல் என்பதைக் கண்டுபிடிக்கத்தான் என் நான்கு வருடம் போயிற்று. அத்தை மெய்ப்புத் திருத்துகிறவர். அந்தத் தலை தெளிவாக இருக்கும்வரைதான் அவர் அத்தை.

புது இயந்திரத்துக்கு வாழ்த்துகள்.

அன்புடன்,
இளைய சகலை


பிப்ரவரி 16

அன்புள்ள சகலைக்கு,

நான் கத்தியைத் தீட்டவில்லை. முதலில் உணவுக்குழாய்க்குள் குழாய் விட்டு, வீங்கியிருந்த நாளங்களுக்கு ரப்பர் வளையம் போட்டோம். நான்காம் நாள் மறுபடி கசிந்தது. இன்னொரு தடவை போட்டோம். ஆறாம் நாள் கசிந்தது. இனி அறுவைதான். இந்த ஊரில் அந்த அறுவையைச் செய்கிறவன் நான் ஒருவன்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமையாகவும் இருக்கிறது.

அத்தைக்கு இந்தக் கல்லீரல் நோய் வந்தது, உங்கள் மனைவியைப் பெற்றபோது ஏற்றிய ரத்தத்தின் வழியாக. இதை நான் ஒருபோதும் குறிப்பிட்டதில்லை. இப்போதும் குறிப்பிடவில்லை.

அவரிடம் விளக்கிச் சொல்ல வேண்டியது என் கடமை. போனபோது சிவப்புப் பென்சிலும் கையுமாக இருந்தார். அகராதியின் மூன்றாம் பதிப்பாம். முதல் பதிப்பும் இரண்டாம் பதிப்பும் அவர் பார்த்ததுதான். ‘த’ வரிசை முடிந்துவிட்டது.

“குடல்ல இருந்து வர்ற ரத்தமெல்லாம் ஒரே குழாய் வழியா கல்லீரலுக்குப் போகுது அத்தை. உங்க கல்லீரல் இறுகிப் போச்சு, உள்ளே விட மாட்டேங்குது. தேங்கற ரத்தம் பக்கத்துச் சந்துபொந்துல எல்லாம் ஏறி அங்க வெடிக்குது. நான் ஒரு மாத்துப் பாதை போட்டு இதயத்துக்குத் திருப்பி விட்டுருவேன்.”

“கல்லீரல் அந்த ரத்தத்தை வெச்சு என்ன பண்ணும்?”

“அதுல இருக்கற கழிவை எல்லாம் எடுத்துட்டு மேல அனுப்பும்.”

“அப்ப அது புரூஃப் பாக்கற ஆளு. அவரு மேசைக்குப் போகாம நேரா அச்சுக்கு அனுப்பறேங்கறீங்க.”

“சரியாச் சொன்னீங்க.”

“பயத்துல சொன்னேன் மாப்பிள்ளை. பிழையெல்லாம் எங்க போய் அச்சாகும்?”

“மூளையில” என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

பென்சிலைக் கீழே வைத்தார். “சின்னவர் என்ன சொல்றாரு?” என்று கேட்டார். நான் நேர்மையானவன். உங்கள் கடிதத்தில் இருந்ததை அப்படியே சொன்னேன். குறுகல், எலி, தண்ணீர்க் குழாய் எல்லாம். கேட்டுவிட்டுச் சொன்னார்:

“சரி. சின்னவர் கணக்கு, பெரியவர் கை. ரெண்டு பேருக்கும் மனத்தாங்கல் வராது.”

உறவினரை அறுப்பது எங்கள் வழக்கமில்லை, வெளியூரிலிருந்து ஒருவரை வரவழைக்கலாம் என்றேன். “வேற யாராவது என் வயித்தைத் திறந்தா, நீங்க ரெண்டு பேரும் ஒண்ணு சேர்ந்து அவர்மேல பொறாமைப்படுவீங்க. நீங்க ஒண்ணு சேர்றதைப் பாக்க எனக்கும் ஆசைதான். அதுக்காக வயித்தைக் குடுக்க முடியாது” என்றார். பிறகு, “மெய்ப்பு பாக்க முடியாத உடம்பு எனக்கு வேண்டாம். அதை மட்டும் பாத்துக்குங்க” என்றார். சிரிக்காமல் அவர் சொன்னது அது ஒன்றுதான்.

துறைத் தலைவர் ஒப்புக்கொண்டுவிட்டார். ஆகவே உங்கள் கணக்கை அனுப்பவும். பாதை எவ்வளவு அகலம், அழுத்தத்தை எதுவரை இறக்க வேண்டும். நீண்ட முன்னுரை வேண்டாம். எங்கள் இயந்திரம் தயாராக இருக்கிறது.

இப்படிக்கு,
மூத்த சகலை


பிப்ரவரி 21

அன்புள்ள அண்ணா,

நான்கு வருடத்தை ஒரு வரியில் கேட்டிருக்கிறீர்கள். முன்னுரை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டீர்கள். என் கட்டுரையின் முன்னுரையில்தான் உங்களுக்கு உரிய இடம் இருந்தது. அதை நீங்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

அத்தை ‘சின்னவர் கணக்கு’ என்று சொன்ன வரியை உங்கள் கொழுந்தியாள் இரண்டு முறை படிக்கச் சொன்னாள். நான் மூன்று முறை படித்தேன். அடுத்து ‘பெரியவர் கை’ என்று வருவதையும் படித்தேன். எதுவும் முழுசாக நமக்கென்று வருவதில்லை.

கணக்கு இதுதான். போர்ட்டல் நாளத்துக்கும், இதயத்துக்குப் போகும் பெரிய நாளத்துக்கும் நடுவில் எட்டு மில்லிமீட்டர் செயற்கைக் குழாயை வையுங்கள். எலியின் உடம்பில் எங்கே எட்டு மில்லிமீட்டர் என்று கேட்பீர்கள். எடைக்கு எடை கணக்குப் போட்டு, அப்புறம் பன்றிகளில் சரிபார்த்தேன். பன்றிகளைப் பற்றி இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன். இதை ஒரு மரியாதையாக எடுத்துக்கொள்ளலாம்.

குழாயைத் திறந்துவிட்டதும் அழுத்தத்தை அளந்து பாருங்கள். பதினொன்றில் நிறுத்தவும். அதற்கு மேல் நின்றால் மறுபடி கசியும். அதற்குக் கீழே இறக்கினால் கல்லீரலுக்குப் போக ரத்தம் மிஞ்சாது, தலை கலங்கும். எட்டு வைத்தால் பதினொன்று வரும் என்பது என் நம்பிக்கை. வராவிட்டால் குழாயை மாற்றுங்கள், எண்ணை மாற்றாதீர்கள்.

உங்கள் புது இயந்திரத்தில் எண் பச்சையாகவே தெரியும் என்பதால் சிரமம் இருக்காது. மே மாத மாநாட்டுக்கு வருவீர்கள்தானே? அந்த இயந்திரத்தைப் பற்றி உங்களிடம் நிறையக் கேட்க வேண்டும்.

அன்புடன்,
இளைய சகலை


மார்ச் 2

அன்புள்ள சகலைக்கு,

பிப்ரவரி இருபத்தெட்டாம் தேதி ஆபரேஷன் முடிந்தது. ஐந்தரை மணி நேரம். அத்தை நலம்.

இனி நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். இதை நீங்கள் உட்கார்ந்து படிப்பது நல்லது.

திறந்ததும் அழுத்தம் முப்பத்துநான்கு. உங்கள் எட்டு மில்லிமீட்டரை வைத்துத் தைத்தேன். தையலைப் பற்றி நானே சொல்லிக்கொள்ளக் கூடாது. உதவிக்கு நின்ற இரண்டு பேரும் தனித்தனியாகச் சொன்னார்கள். குழாயைத் திறந்துவிட்டேன். அழுத்தம் மளமளவென்று இறங்கி ஓர் இடத்தில் நின்றது. பதினைந்து.

ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்தேன். பதினைந்து. பத்து நிமிடம். பதினைந்துதான்.

மயக்க மருத்துவர், “போதும் சார். நாடி, பிரஷர் எல்லாம் ஜம்முனு இருக்கு. மூடிடலாமே” என்றார்.

“பதினொண்ணு வரணும்.”

“யார் சொன்னது?”

“எலி டாக்டர்.”

“அப்ப எலி வயித்துல பாத்துக்கச் சொல்லுங்க சார். எனக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மருந்து போடணும்.”

எண்ணை மாற்றக் கூடாது, குழாயை மாற்ற வேண்டும் என்பது உங்கள் உத்தரவு. எட்டை எடுத்துவிட்டுப் பதினான்கு மில்லிமீட்டரை வைத்தேன். அது அகலம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அத்தையிடம் கொடுத்த வாக்கு இருக்கிறது. இந்த முறை சரியாகப் பதினொன்றாம் கோட்டில் வந்து நின்றது. மயிரிழை பிசகவில்லை.

ஆக, உங்கள் பதினொன்று என் கையால் நிறைவேறியது. உங்கள் எட்டு தோற்றுவிட்டது. பன்றிக்குப் போதுமானது மனிதருக்குப் போதவில்லை. நான்கு வருடம், இருநூற்று நாற்பது எலி, எண்ணிக்கை தெரியாத பன்றிகள். அடுத்த கட்டுரையில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதனால் எனக்கு ஏற்பட்டிருக்கும் மகிழ்ச்சியைக் கடிதத்தில் தெரியாமல் வைத்துக்கொள்ள முயன்றிருக்கிறேன்.

அத்தை கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி: “யாரு ஜெயிச்சா?”

“ரெண்டு பேரும் அத்தை” என்றேன். பெரிய மனதோடுதான் சொன்னேன்.

இப்படிக்கு,
மூத்த சகலை


மார்ச் 6

அண்ணா,

பதினைந்து என்றது எதில்?

நான் எழுதிய பதினொன்று பாதரச மில்லிமீட்டர் கணக்கு. எந்த இயந்திரமும் அதில்தான் காட்டும். கண்ணாடிக் குழாயில் உப்பு நீரை ஏற்றி, அது எத்தனை சென்டிமீட்டர் நிற்கிறது என்று பார்த்தால், அதே அழுத்தம் பதினைந்து என்று வரும். பதினொன்றாம் ‘கோட்டில்’ நின்றது என்கிறீர்கள். இயந்திரத்தில் கோடு ஏது?

பதில் எழுத வேண்டாம். போனில் கூப்பிடுங்கள். கூப்பிடாவிட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொள்கிறேன்.


மார்ச் 11

அன்புள்ள சகலைக்கு,

நான் கூப்பிடவில்லை. நீ பதிலை எடுத்துக்கொண்டிருப்பாய்.

புது இயந்திரம் எதுவும் வரவில்லை. விண்ணப்பம் துறைத் தலைவர் மேசையில் பேப்பர் வெயிட்டுக்குக் கீழே இருக்கிறது. நீ போனதிலிருந்து கண்ணாடிக் குழாயை ஒரு மர ஸ்கேலோடு சேர்த்து பிளாஸ்திரி போட்டு ஒட்டி, அதில்தான் அளக்கிறேன். நன்றாகவே அளக்கிறது. அதன் மேல் எந்தத் தப்பும் இல்லை.

நாம் சேர்ந்து செய்த முதல் எலியிலிருந்து எல்லாவற்றையும் நீர்க் கணக்கில்தானே குறித்தோம். நீயும் அதே பழக்கத்தில் எழுதியிருக்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன். சந்தேகமே வரவில்லை என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் வந்தது. பதினைந்தில் நின்றபோது வந்தது. ஆபரேஷன் அறைக்கு வெளியே சுவரில் போன் இருக்கிறது, உனக்குத் தெரியும். உன் ஆய்வகத்துக்குப் போன் போடச் சொல்லி நர்ஸிடம் சொல்ல வாயெடுத்தேன். “என்ன சார்?” என்றார். போட்டால் நீ முதலில் கேட்பது, “எதுல அளக்கறீங்க அண்ணா?” என்பதாக இருக்கும். நர்ஸ் அதை எல்லார் காதிலும் விழுகிற மாதிரி என்னிடம் கேட்பார். அத்தோடு என் பச்சை எண்கள் போய்விடும். “ஒண்ணுமில்லை, பதினாலு குடுங்க” என்றேன்.

இன்னொன்றும் இருந்தது. உன் எட்டு தோற்றுக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

கசிவு அடியோடு நின்றுவிட்டது. காயம் ஆறிவிட்டது. நேற்று அத்தையிடம் அகராதித் தாளைக் கொடுத்தேன். ஒரு பக்கம் முடிக்க முன்பெல்லாம் கால் மணி நேரம் ஆகும். மத்தியானம் வரை அதே பக்கத்தில் இருந்தார். வாங்கிப் பார்த்தேன். ‘நடை’ என்ற சொல்லுக்கு நேரே சரியாக இருந்த பொருளை அடித்துவிட்டு, மேல் வரியில் இருந்த சொல்லின் பொருளை மறுபடி எழுதியிருந்தார். அழகான கையெழுத்து. கைகளை நீட்டச் சொன்னேன். மணிக்கட்டு இரண்டும் கோழி இறக்கை அடிக்கிற மாதிரி அடித்துக்கொண்டது. “என்ன மாப்பிள்ளை இது, நான் ஒண்ணும் பண்ணலையே” என்று சிரித்தார்.

மயக்க மருந்தின் மிச்சமாக இருக்கும் என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். பதினோரு நாள் ஆகியும் மிச்சமிருக்கும் மருந்து எது என்று அவள் கேட்கவில்லை.

மூத்த சகலை


மார்ச் 17

அண்ணா,

‘நீ’ என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் அது வரவில்லை.

கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். எட்டு வைத்ததும் உங்கள் குழாயில் பதினைந்து நின்றது என்றால், அது என் பதினொன்றேதான். தசம புள்ளிகூட மாறவில்லை. மயக்க மருத்துவர் சொன்ன இடத்தில் வயிற்றை மூடியிருந்தால் போதும். பிறகு நீங்கள் இறக்கிக்கொண்டு போனது என் கணக்கில் எட்டு. என் நான்கு வருட உழைப்பு இவ்வளவு துல்லியமாகப் பலித்த ஒரே உயிர் அத்தைதான். அதுவும் ஒரு மணி நேரத்துக்கு மட்டும்.

இப்போது என் பங்கு. உங்களிடம் இயந்திரம் இல்லை என்பது எனக்கு முதலிலிருந்தே தெரியும். உங்கள் முதல் கடிதம் வந்த அன்று அக்காவும் தங்கையும் போனில் சண்டை போட்டு, அழுது, சமாதானமாகி, கடைசியில் அக்கா சொன்னாராம்: “அவரு இன்னும் ஸ்கேலை வெச்சுத்தான் அளந்துட்டு இருக்காரு. பாக்கவே பாவமா இருக்கு.” என் மனைவி அதைப் பரிதாபமாக என்னிடம் சொன்னாள். நான் பரிதாபப்படவில்லை. மே மாத மாநாட்டில் கேள்வி நேரத்தில் எழுந்து நின்று, “தங்கள் புதிய இயந்திரத்தின் தயாரிப்பு எது என்று தெரிந்துகொள்ளலாமா?” என்று கேட்கலாம் என்று எடுத்து வைத்துக்கொண்டேன். கேள்வியை ஒரு சீட்டில் எழுதியும் வைத்திருந்தேன். ‘தங்கள்’ போடுவதா ‘உங்கள்’ போடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

உங்களுக்கு எண்ணை எழுதிய அன்று, பதினொன்று என்பதற்குப் பக்கத்தில் ‘பாதரசம்’ என்று எழுதினேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாளில் எழுதினேன். அந்தச் சொல் இருந்தால், உங்களிடம் இருப்பது குழாய்தான் என்பது எனக்குத் தெரிந்துவிட்டதை நீங்கள் மோப்பம் பிடித்துவிடுவீர்கள். மாநாட்டில் சுவாரசியம் போய்விடும். பெரிய சர்ஜன், தானே மாற்றிப் போட்டுக்கொள்வார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது. ஆகவே நம்பவில்லை என்று அர்த்தம்.

இனிச் செய்ய வேண்டியது. மலத்தை இளக்கும் சிரப்பை மூன்று வேளையும் கொடுங்கள். புரதத்தைக் குறையுங்கள். தலை கொஞ்சம் தெளியும். ஆனால் பாதை அகலமாக இருக்கும்வரை முழுக்கத் தெளியாது. அதைக் குறுக்க வேண்டும். மறுபடி வயிற்றைத் திறந்து, அந்தப் பதினான்கு மில்லிமீட்டர் குழாயைச் சுற்றி நூல் போட்டு இறுக்கலாம். எவ்வளவு இறுக்குவது என்பதை நான் பக்கத்தில் நின்று சொல்கிறேன். இயந்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வருகிறேன். நீங்கள் கட்டுங்கள். கட்டுகிற கை உங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும்; என் கை எலிக்குப் பழகியது. யார் பெயரும் எங்கும் வர வேண்டாம்.

ஒன்று கேட்க வேண்டும். கேட்கக் கூடாத நேரம். அத்தை என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா?

இளையவன்


ஏப்ரல் 4

அன்புள்ள தம்பிக்கு,

நீ ரயிலேற வேண்டாம்.

சிரப் கொடுத்தோம். காலை வேளைகளில் தெளிவாக இருக்கிறார். பதினொரு மணிக்கு மேல் பேச்சு வழி மாறிவிடுகிறது. இரண்டாவது அறுவையைப் பற்றிக் கேட்டதற்கு, துறைத் தலைவர் ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்துவிட்டு, இந்தக் கல்லீரல் இன்னொரு மயக்க மருந்தைத் தாங்காது என்று சொல்லிவிட்டார். அவர் தாங்கும் என்று சொல்லியிருந்தாலும் நடந்திருக்காது. நம் கடிதங்களை அக்காவும் தங்கையும் முழுக்கப் படித்துவிட்டார்கள். உன் மனைவி வந்து இறங்கிய அன்றே இருவரும் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்கள்.

“உங்க ரெண்டு பேர் கையும் இனிமே அம்மா மேல படக் கூடாது” என்றாள் அக்கா.

“கணக்கும்” என்றாள் தங்கை.

அவர்கள் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நீ கேட்டதற்குப் பதில். கேட்டார். உன்னைப் பற்றி என்னிடம் அல்ல, உன்னிடமே. என்னை நீ என்று நினைத்துக்கொண்டு பேசினார். ஒரு வாரமாக என்னைச் சின்ன மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுகிறார். முதல் இரண்டு நாள் திருத்தினேன். பிறகு விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் பக்கத்தில் வரச் சொல்லிச் சைகை காட்டினார். அவர் பேசியது உனக்குச் சேர வேண்டியது என்பதால் எழுதுகிறேன்.

“கிட்ட வாங்க சின்னவரே. பெரியவர் காதுல விழுந்துறப் போகுது. நீங்க எழுதின கட்டுரை எல்லாத்தையும் நான் படிச்சிருக்கேன். விஷயம் புரியாது. ஆனா பென்சிலைத் தொட வேலையே இல்லை. அவரோடது பக்கத்துக்கு நாலு பிழை.”

“அவர்கிட்ட சொல்லலையா அத்தை?”

“சொன்னா மனுஷன் தாங்குவாரா? கை நல்ல கை, கை நல்ல கைன்னு சொல்லியே இத்தனை வருஷம் ஓட்டிட்டேன். நீங்களும் சொல்லிடாதீங்க.”

“சொல்லலை” என்றேன்.

“நீங்க நல்லவர்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். நான் உன் சார்பில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். இதை எழுதும்போதும் எனக்கு உன்மேல் ஆற்றாமையாகத்தான் இருக்கிறது. மறைக்க விரும்பவில்லை.

வாந்தி நின்று முப்பத்தைந்து நாள் ஆகிறது. நாளை வீட்டுக்கு அனுப்புகிறோம். அகராதியில் ‘ந’ தொடங்கி மீதமிருந்த தாள்களை அச்சகத்திலிருந்து ஒருவர் வந்து புதன்கிழமை வாங்கிக்கொண்டு போனார். அவற்றை இப்போது வேறொருவர் பார்க்கிறார்.